கத்தாரில் கரண்டு போகாது

சிலுவைதாசன் குளித்து இரண்டு மாசத்துக்கு மேல் ஆகியிருந்தது. வீட்டில் தண்ணீர் இல்லாமல் இல்லை. குளிப்பாட்ட ஆள் இல்லாமலும் இல்லை. மகள் இருந்தாள். அதுதான் பிரச்சினை.

ஆறு வருஷத்துக்கு முன்னால் கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவுக் கல்லில் அலை வள்ளத்தைத் தூக்கி அடித்ததில் அவருக்கு முதுகெலும்பு நொறுங்கியது. இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியாது. முள் குத்தினாலும் தெரியாது. அன்றிலிருந்து நேசம்மாள்தான் குளிப்பாட்டினாள். ஒரு வாளி வெந்நீர், ஒரு கப்பு, ஒரு கட்டி சிவப்புச் சோப்பு, வாய் நிறைய ஏச்சு. "மலை மாதிரி கெடக்கியேரு, கொஞ்சம் சரியும்" என்பாள். "மலையக் கட்டுனவ நீதான, தள்ளு" என்பார் அவர். புருஷனும் பெண்டாட்டியும் சிரிக்கிற சத்தம் அந்த வீட்டில் குளிக்கிற நேரத்தில் மட்டும்தான் கேட்கும்.

மார்ச் மாதம், அடுக்களையில் சாளை ஆய்ந்துகொண்டிருந்த நேசம்மாள் அப்படியே சரிந்தாள். கையில் செதிள் காயவில்லை, ஆள் இல்லை.

அதற்குப் பிறகு நாகர்கோவிலிலிருந்து ஓர் ஆண் ஆள் இரண்டு நாள் வந்தான். இரண்டாம் நாள் ஒரு கையால் போனில் பேசிக்கொண்டே மறுகையால் தேய்த்தான். சிலுவைதாசன் கப்பைத் தூக்கி அவன் மூஞ்சியில் எறிந்தார். அதோடு அவன் வரவில்லை. மகள் ரெஜிஷா வாளியோடு வந்து நின்றபோது அவர் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார். துணியைக் கட்டிக்கொண்டு கைக்கு எட்டின இடத்தை அவரே ஈரத்துண்டால் துடைத்துக்கொண்டார். எட்டாத இடத்தில் புண் வந்தது.

வாரம் ஒரு தடவை வரும் நர்ஸ் ஷைஜா அதைப் பார்த்துவிட்டு முற்றத்தில் வைத்து ரெஜிஷாவிடம் சொன்னாள்: "பத்து ரூவா காசு அளவு இருந்துது. இப்பம் உள்ளங்கை குழி அளவு. எலும்புல தொட்டுதுன்னா எங்களால ஒண்ணும் செய்ய ஒக்காது கேட்டியா. மருந்து ரெண்டாவது. மொதல்ல நாளும் கழுவணும்."

"கழுவ விட்டாத்தான அக்கா."

"அப்பாதான, என்ன நாணம்?"

"அதை அவருட்ட கேளுங்க."

ரெஜிஷா பி.இ. சிவில். அந்த வீட்டில் கல்லூரிப் படியை மிதித்த முதல் கால் அவளுடையது. தக்கலைப் பக்கம் ஒரு கட்டுமான சைட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவள், அம்மா செத்த மறுநாள் விட்டுவிட்டு வந்தாள். அவளுடைய பட்டச் சான்றிதழ் ஹாலில் இயேசுவின் படத்துக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்டுத் தொங்கியது. அந்த வீட்டில் அவள் படிப்பை மாட்டி வைத்தார்கள். கேட்கத்தான் இல்லை.

கேட்டது அண்ணன் சிஜோவின் பேச்சை. பன்னிரண்டு வருஷமாகத் தோஹாவில் பிளம்பிங் வேலை. ஆறு டவர்களுக்குப் பைப்பு ஓட்டியவன். முப்பத்தொரு வயது. அப்பாவுக்கு ஒரு வழி செய்துவிட்டுத்தான் பெண் பார்ப்பேன் என்று பிடிவாதமாக இருப்பவன். செலவைப் பார்க்காமல் அப்பாவுக்கென்று ஒரு பாத்ரூம் கட்டினான், அதில் குறை சொல்ல முடியாது. அகலக் கதவு, சக்கர நாற்காலி நேரே உள்ளே போகும். வழுக்காத டைல்ஸ். உட்கார்ந்து குளிக்க ஒரு நாற்காலி. சூட்டையும் குளிரையும் தானே சரிபார்த்துக் கலக்குகிற மிக்ஸர், சுவருக்குள் புதைத்தது. கையில் பிடித்து முதுகுக்குப் பின்னால் கொண்டுபோகிற ஷவர். உட்கார்ந்த உயரத்தில் உள்தாழ்ப்பாள். எல்லாம் அப்பா தானே குளிப்பதற்கு. ஒருத்தர் கண்ணும் படாமல் குளிப்பதற்கு.

திறந்த அன்று சொட்டுச் சொட்டாக வந்தது.

"வயசானவன் மூத்திரம் போற மாதிரில்லா வருது" என்றார் சிலுவைதாசன். நாற்காலியைத் திருப்பிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

காரணம் ரெஜிஷாவுக்கு முன்பே தெரியும். மிக்ஸர் வந்த அட்டைப் பெட்டியிலேயே எழுதியிருந்தது, எவ்வளவு பிரஷர் வேண்டும் என்று. அந்தப் பிரஷர் வெறும் டேங்கிலிருந்து வர வேண்டுமென்றால் டேங்கு முப்பத்து மூன்று அடி உயரத்தில் இருக்க வேண்டும். இவர்கள் வீட்டு டேங்குக்கும் ஷவருக்கும் நடுவில் ஐந்தடி. ஒக்கி புயலில் அடுத்த வீட்டு டேங்கு ஸ்டாண்டோடு பிடுங்கிக்கொண்டு பறந்து, சிலுவை நிற்கும் குருசடி முன்னால் விழுந்ததைப் பார்த்த நேசம்மாள், தன் வீட்டில் ஸ்டாண்டே கூடாது என்று டேங்கை மொட்டைமாடித் தரையோடு வைக்கச் சொல்லியிருந்தாள். அந்தக் கரையில் பாதி வீடுகளில் அப்படித்தான். புயலுக்குப் பயந்து தாழ்ந்த டேங்குகள். குளிக்கிறவன் வாளியில் பிடித்துக் குளித்தான், யாருக்கும் ஒரு குறையும் இல்லை.

சிஜோ விடவில்லை. பிரஷர் பம்பு வைக்கச் சொன்னான். மார்த்தாண்டத்திலிருந்து ஜெனின் என்ற பிளம்பர் வந்தான். ஜூன் மாதம், காலையிலிருந்து மழை விட்டு விட்டுப் பெய்தது. ரெஜிஷா அவனுக்குக் கட்டன் சாயாவும் அவித்த மரச்சீனிக் கிழங்கும் நெத்திலிச் சம்மந்தியும் கொடுத்தாள். அவன் சாப்பிட்டுக்கொண்டே பைப்பை அளந்தான். வீடியோவில் சிஜோ.

"ஜெனினே, டேங்கு லைன்ல நேரா பம்ப கேற்று. வளைவு கொறச்சுப் போடு."

"அது செய்யிலாம் அண்ணா. பம்ப சுத்தி ஒரு பைபாஸ் பைப்பும் போட்டுரட்டா? கரண்டு போனா வெள்ளம் சொட்டாட்டும் வருமில்லியா."

"பைபாஸ் போடணும்" என்றாள் ரெஜிஷா. "சொட்டு வந்தா போராது. பைபாசுல இருந்து ஒரு சாதா டேப்பு கீழ இறக்கணும். ஒரு வாளியும் உள்ள இருக்கணும்."

"ஏட்டி, நீ சும்ம இரி. பைபாஸ் போட்டா வெள்ளம் சுத்திச் சுத்தி டேங்குக்கே திரும்பும், பிரஷர் நிக்காது."

"நடுவுல ஒரு வால்வு வச்சா நிக்கும். ரெண்டாம் வருஷப் பாடம் இது."

"நீ பாடத்துல படிச்ச. நான் ஆறு டவர் செய்திருக்கேன். ஒரு டவர்ல பைபாஸ் கெடையாது. கரண்டே போவாது இஞ்ச, தெரியுமா?"

"அங்க போவாது. இங்க போவும்."

"எத்தன நேரம் போவும்? அரை மணிக்கூர். அதுக்காவ அழகா டைல்ஸ் ஒட்டுன செவுத்துல ஓட்ட போட்டு டேப்பு வைக்கணுமா? அப்பாக்கு இனி வாளியும் கப்பும் வேண்டாம்ட்டி. அத நெனச்சுத்தான நான் இத செய்யிதேன்."

அவன் குரல் கடைசியில் இடறியது. ரெஜிஷாவுக்கு அதில்தான் ஆத்திரம். தப்பாகச் செய்கிறவன் கெட்டவனாகவும் இருந்தால் வசதியாக இருக்கும்.

கத்தார் தண்ணீரைப் பற்றி அவன் லீவுக்கு வரும்போதெல்லாம் சொல்வான். குடிக்கிறது கடல்தண்ணீராம், உப்பை எடுத்துவிட்டு வீட்டுக்கு அனுப்புகிறார்களாம். கோடையில் பச்சைத்தண்ணீர்க் குழாயைத் திறந்தால் தோல் உரியுமாம். அதனால் ஹீட்டரை அணைத்துப் போட்டு, அதற்குள் ஆறிக் கிடக்கும் தண்ணீரில் குளிப்பார்களாம். சிலுவைதாசன் அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார். இங்கே கடலுக்கு நூறு அடி தள்ளிக் கிணறு, கிணற்றுக்குள் கடல் வந்துவிட்டது. குடிதண்ணீர்க் குழாய் ஐந்து நாளைக்கு ஒரு தடவை. போர்வெல் தண்ணீரில் குளித்தால் தலைமுடி கயிறாகும். ஒரே கடல்தான் இரண்டு பக்கமும். அவனுக்கு அங்கே அது குழாயில் பாய்கிறது. இவர்களுக்கு இங்கே கிணற்றைக் கெடுக்கிறது. இதையெல்லாம் அவன் மறந்துவிட்டான் என்று சொல்ல முடியாது. மறக்க வேண்டும் என்றுதான் போனான்.

ஜெனின் சிலுவைதாசனைப் பார்த்தான். அவர் மகன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், போன் திரைக்குள்.

"அவன் சொன்ன மாதிரி செய்யிடே" என்றார்.

பைபாஸ் போடவில்லை. டேப்பும் இல்லை. பதினொன்றரைக்கு வேலை முடிந்தது. பம்பு உறுமியது. ஷவரைத் திறந்ததும் தண்ணீர் எதிர்ச் சுவரில் போய் அடித்தது. ஜெனின் நனைந்துகொண்டே சிரித்தான். "அண்ணா, இது டவர்தான்!" என்று போனைப் பார்த்துக் கத்திவிட்டு, சாமானைச் சுருட்டிக்கொண்டு பைக்கில் ஏறினான்.

ரெஜிஷா எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு வாளித் தண்ணீரைப் பாத்ரூமுக்குள் வைத்தாள். சிலுவைதாசன் நாற்காலியில் உள்ளே போனவர் அந்த வாளியைக் கையால் வெளியே தள்ளினார். தண்ணீர் தளும்பி அவள் காலில் விழுந்தது.

"அது எனக்கு வேண்டாம்."

"ஒரு ஓரமா கெடக்கட்டும்பா."

"வேண்டாம்ன்னு சொன்னேன்லா. நீ அங்கோட்டுப் போ."

தாழ்ப்பாள் விழுந்தது.

ரெஜிஷா கதவுக்கு இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்தாள். போனில் சிஜோ, மதியச் சாப்பாட்டு நேரத்துக்கும் காத்திராமல் தலையில் ஹெல்மெட்டோடு ஏதோ கட்டடத்துக்குள் நின்றுகொண்டிருந்தான். உள்ளே நாற்காலி கிறீச்சிட்டது. மூச்சு வாங்கும் சத்தம். சக்கர நாற்காலியிலிருந்து குளிக்கிற நாற்காலிக்கு அவர் கையை ஊன்றி மாறுகிறார். பிறகு தண்ணீர்.

"ஏட்டி!" என்று உள்ளிருந்து கத்தினார். "வெள்ளம் முதுகுல அடிக்குது பாரு! ஏலே சிஜோ, கேக்குதாலே?"

"கேக்குதுப்பா!"

"ஆனி மாசத்து அலை மாதிரில்லா அடிக்குது! சவம், இத்தன நாளும் எங்க கெடந்துது இது!"

சிரித்தார். நேசம்மாள் போன பிறகு அந்தச் சிரிப்பை இப்போதுதான் கேட்கிறாள். போனில் சிஜோ ஹெல்மெட்டைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தான். "பாத்தியாட்டி" என்றான். ரெஜிஷாவும் சிரித்தாள். பொய்யில்லை. தோற்றுப்போனதில் அவளுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

"மொதல்ல நல்லா தேய்ச்சிருங்கப்பா, புண்ணுல சோப்பு படாம!"

"எனக்குத் தெரியாதா? வெள்ளத்த நிப்பாட்டிட்டுத் தேய்க்கேன்."

நான்கு நிமிஷம் ஆகியிருக்கும். வெளியே காற்று ஒரு சுழற்று சுழற்றியது. எங்கோ மட்டையோ மரமோ முறிகிற சத்தம். ஹாலில் மின்விசிறி நின்றது. வைஃபை போய் சிஜோவின் முகம் வாய் திறந்தபடி உறைந்தது.

உள்ளே ஷவரைத் திருகுகிற சத்தம் கேட்டது. திரும்பத் திருகுகிற சத்தம்.

"ஏட்டி. வெள்ளம் இல்ல."

"கரண்டு போச்சுப்பா. கொஞ்சம் இரிங்க."

கரண்டு ஆபீசுக்குப் போன் போட்டாள். பத்தாவது தடவை எடுத்தார்கள். தென்னை ஒன்று லைனோடு விழுந்து கிடக்கிறது, மழை விட்டால்தான் ஆள் ஏறுவார்கள், மூன்று மணிக்கூர் என்றார்கள். வீட்டு இன்வெர்ட்டர் அப்பா அறை மின்விசிறியையும் ஒரு விளக்கையும் மட்டும் தாங்கும். பம்பைத் தாங்காது.

"எப்பா, கதவத் தொறங்க. வாளிய உள்ள வச்சிட்டுப் போறேன்."

"நான் துணியில்லாம இருக்கேன்."

"துண்ட மேல போட்டுக்கிடுங்க."

"துண்டு நனஞ்சி கீழ கெடக்கு. நீ போ. கரண்டு வரட்டும்."

"மூணு மணிக்கூர் ஆவுமாம்."

"முப்பது மணிக்கூர் கடல்ல நனஞ்சிக் கெடந்தவன்தான் நான். போ."

அவள் போகவில்லை. உள்ளே மறுபடி நாற்காலி கிறீச்சிட்டது. பிறகு ஒரு சத்தம். கனமான, ஈரமான சத்தம்.

"எப்பா?"

"ஒண்ணுமில்ல."

"என்ன சத்தம் அது?"

"சோப்பு விழுந்துது."

சோப்பு அப்படி விழாது. அவள் கதவில் கையால் அடித்தாள். தோளால் இடித்தாள். அடுத்த வீட்டுத் தேவகனி தலையில் ஒரு பிளாஸ்டிக் சாக்கைப் போட்டுக்கொண்டு மழைக்குள் ஓடிவந்தாள்.

"என்னட்டி, ஒங்கப்பா மைனரு வழுக்கிட்டாரா? நம்ம வீட்டு ஆளக் கூப்புடட்டா? வலைக் கிழிசல பொத்திக்கிட்டு சும்மதான் இருக்காரு."

உள்ளிருந்து குரல் வந்தது. "தேவகனி, ஒன் மாப்பிள இந்த வாசல்ல ஏறுனான்னா அவன் கால ஒடிப்பேன்."

"மொதல்ல எந்திச்சு வாரும். பொறவு ஒடிக்கிலாம்."

"போட்டி அங்கோட்டு!"

தேவகனி ரெஜிஷாவைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள். "கடப்பாரை இருக்கு எங்க வீட்டுல. எடுத்திட்டு வாரேன்."

அது அவர் காதில் விழுந்துவிட்டது. "ஏட்டி ரெஜி, கதவ ஒடச்சு உள்ள வந்தியன்னா, செவுத்துல மண்டய இடிச்சு சாவேன். ஒங்கம்ம மேல சத்தியம். நான் சொன்னா செய்வேன்."

செய்வார். அவளுக்குத் தெரியும்.

மொபைல் அடித்தது. சிஜோ. "என்ன ஆச்சு? குளிச்சி முடிச்சாரா?"

"கீழ விழுந்து கெடக்காரு. மேலெல்லாம் சோப்பு. வெள்ளம் இல்ல. தாழ்ப்பாள் எட்டாது, எட்டுனாலும் தொறக்க மாட்டாரு."

அந்தப் பக்கம் டிரில்லிங் மிஷின் சத்தத்துக்கு மேல் அவன் கத்திப் பேச ஆரம்பித்தான். பம்புக்குப் பக்கத்தில் பைப்பைச் சேர்க்கிற யூனியன் ஒன்று இருக்கும், அதைக் கழற்று, இல்லை, முதலில் கேட் வால்வை அடை, மிக்ஸரில் ஒரு சல்லடை இருக்கும், அதை...

"அண்ணே."

"என்னட்டி?"

"நீ ஆறு டவர் கட்டுன. ஒரு டவர்லயும் நம்ம அப்பா இல்ல."

வைத்துவிட்டாள். சொன்னது வலிக்கும் என்று தெரிந்தே சொன்னாள். வலிக்கட்டும்.

மொட்டைமாடிக்கு ஓடினாள். மழை மூஞ்சியில் அறைந்தது. டேங்கு நிறைந்து நின்றது, ஆயிரம் லிட்டர். கீழே அதற்கு நேர் அடியில் ஒரு மனிதன் சோப்போடு கிடக்கிறான். நடுவில் பத்தடி. ஜெனின் போட்ட யூனியனைக் கையால் திருகினாள். அசையவில்லை. பாவாடை நுனியைச் சுற்றித் திருகினாள். உள்ளங்கைத் தோல் போனதுதான் மிச்சம். அப்பாவின் எஞ்சின் ஸ்பானர் பெட்டி மாடிப்படிக்கு அடியில் துருப்பிடித்துக் கிடந்தது. அதிலிருந்து பெரியதை எடுத்துப் பூட்டி, அதன் மேல் ஏறி நின்று மிதித்தாள். யூனியன் கழன்று தண்ணீர் பீய்ச்சியது. செடிக்கு ஊற்றுகிற பச்சை ஓஸ் குழாயை அதில் செருகி, கம்பி வைத்து முறுக்கி, மறுமுனையை வெளிச்சுவர் வழியாக இறக்கி, ஏணி வைத்து ஏறிப் பாத்ரூம் வென்டிலேட்டரின் கண்ணாடிப் பட்டையை உருவிவிட்டு உள்ளே நுழைத்தாள். முகத்தை வெளியே திருப்பிக்கொண்டே செய்தாள். கண்ணுக்குத் தென்னைகள் பேயாட்டம் ஆடுவதும் அதற்கப்பால் கடல் சாம்பல் நிறத்தில் எழும்புவதும்தான் தெரிந்தன.

"எப்பா, ஓஸ் வருது! புடிச்சிக்கிடுங்க!"

பிரஷர் இல்லை. ஆனால் தண்ணீர் வந்தது. எந்த மிஷினும் இல்லாமல், மேலிருந்து கீழே, தண்ணீர் எப்போதும் வருகிற மாதிரி. சுவரில் வழிகிற சத்தம் கேட்டது. அவள் ஏணியில் நின்றபடி காத்திருந்தாள்.

"புடிச்சாச்சா?"

வென்டிலேட்டர் சட்டத்தில் தட்டினாள்.

"எப்பா!"

"எட்டல மக்கா."

அவள் ஓஸ் குழாயை ஆட்டினாள். இன்னும் உள்ளே தள்ளினாள். "இப்பம்?"

"நான் இந்த மூலையில கெடக்கேன். அது அந்த மூலையில ஊத்துது. நவுர முடியல." தரையைத் தடவுகிற சத்தம். "வெள்ளம் தரையில ஓடி இஞ்ச வருது. அது போதும். அள்ளித் தேய்ச்சிக்கிடுதேன்."

அவள் ஏணியிலிருந்து இறங்கி வீட்டுக்குள் வந்து கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. தேவகனி கடப்பாரையைக் கொண்டுவந்து சுவரில் சாய்த்துவிட்டு முற்றத்தில் போய் நின்றாள். கதவுக்கு அந்தப் பக்கம் உள்ளங்கையால் தரையில் தண்ணீரை அள்ளுகிற சத்தம். சளப். சளப். வள்ளத்தில் ஊறுகிற நீரை இறைப்பது மாதிரி. அது நின்றது.

"ரெஜி."

"சொல்லுங்கப்பா."

"ரத்தம் போவுதுட்டி."

"எங்கருந்து?"

"தெரியலியே. நமக்குத்தான் அங்க ஒண்ணும் தெரியாதுல்லா. வெள்ளம் என்னத் தாண்டிப் போவும்போ செவப்பாப் போவுது."

அவள் எழுந்துவிட்டாள். "கொறச்சா, நெறயவா?"

"ஆதியில கொறச்சு. இப்பம்..." அந்தக் குரலில் பயம் இருந்தது. அறுபத்திரண்டு வயதில், நாற்பது வருஷம் அலையை முறித்துப் போன மனிதரின் குரலில் அவள் அதுவரை கேட்டிராத பயம். டைல்ஸ் விளிம்போ, நாற்காலிக் காலோ, எது கிழித்ததோ. புண்ணிலேயே கிழித்திருந்தால்?

"எப்பா, நான் வாரேன்."

அவள் கடப்பாரையைக் கையில் எடுத்தாள்.

"துண்டால மூடிக்கிடுங்க. நான் ஒண்ணையும் பாக்க மாட்டேன். கண்ண மூடிக்கிடுதேன். அம்ம மேல சத்தியமா கண்ண மூடிட்டுதான் வருவேன்."

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வாசல் இடுக்கு வழியாக இந்தப் பக்கமும் கசிய ஆரம்பித்தது. அவள் காலடியில் இளஞ்சிவப்பாக.

"கண்ண மூடிட்டு வந்து," என்றார் சிலுவைதாசன் உள்ளிருந்து, மெதுவாக, சலிப்பாக, நேசம்மாளிடம் பேசுகிற குரலில், "புண்ணு எங்கன்னு எப்படிட்டி தேடுவ? தொறந்திட்டு வா."

கடப்பாரையைத் தாழ்ப்பாளுக்கு நேராக வைத்து நெம்பினாள். இரண்டாவது நெம்பலில் கதவு விட்டுக்கொடுத்தது.

அவள் கண்ணைத் திறந்துகொண்டுதான் போனாள். கண்ணை இறுக மூடிக்கொண்டது அவர்தான்.